நொதி வீட்டில் இல்லை

எலியின் நுரையீரல் வெள்ளையாக இருந்தது. டாக்டர் குயெனுக்குக் கஷ்டகாலம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

ஹனோய் வெளிவட்டச் சாலையைத் தாண்டி, லாரி டயர் கடைகளுக்கும் ஒரு மீன்குட்டைக்கும் நடுவில் இருந்தது அந்த ஆராய்ச்சிக் கழகம். வசந்தகாலத் தூறல் விடாமல் பெய்து சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், குயென் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அவள் தேடிக்கொண்டிருந்தது பழுப்பு நிறத்தை. கழகத்து எலிகள் சாதாரண எலிகள் அல்ல. மனித உடம்பில் அழற்சியைக் கிளப்பும் ஒரு நொதி, அதாவது இருக்கிற இடத்தை வீங்கவும் சிவக்கவும் எரியவும் வைக்கிற சரக்கு, எலிகளின் உடம்பிலும் சுரக்கும்படி அவற்றின் மரபணுவில் கைவைத்திருந்தார்கள். அது எந்த உறுப்பில் தோன்றுகிறது என்று பார்ப்பது குயெனின் வேலை. உறுப்பை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிப் பார்ப்பாள். நொதி இருந்தால் பழுப்பு. இல்லாவிட்டால் வெள்ளை.

நுரையீரலில் தோன்ற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு ஸ்ப்ரே மருந்து தயாராகிக்கொண்டிருந்தது. அந்த மருந்து நொதியை அடக்குகிறதா என்பதை முதலில் இந்த எலிகளின் நுரையீரலில் சோதித்துப் பார்க்க வேண்டும். நுரையீரலோ வெள்ளை. கல்லீரல், சிறுநீரகம், இதயம், எல்லாம் வெள்ளை. கடைசியாகப் பெருங்குடலை வைத்துப் பார்த்தாள். யாரோ காப்பிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்பாராததை எதிர்பாராத இடத்தில் பார்ப்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி என்று வெளிநாட்டில் படிக்கும்போது யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஊர் திரும்பி வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் அதை முழுசாக மறந்திருக்கவில்லை. வேறு எலிகளை எடுத்துச் சீவினாள். சாயத்தை மாற்றிப் பார்த்தாள். நொதி குடலை விட்டு நகரவே இல்லை.

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற காங்கிடம்தான் முதலில் சொன்னாள். காங் முன்னாளில் நகரப் பேருந்து ஓட்டியவர். பயணிகளிடம் காட்டமுடியாத பொறுமையை எல்லாம் எலிகளிடம் காட்டி வந்தார்.

"அண்ணே, நொதி நுரையீரல்ல இல்ல. பெருங்குடல்ல இருக்கு."

காங் கையிலிருந்த தீவனத் தட்டைக் கீழே வைத்தார். "யாரோட நொதி?"

"யாரோடதுன்னா? மனுஷ நொதி."

"அது தெரியும் தங்கச்சி. எந்த மனுஷனோடதுன்னு கேக்குறேன்."

குயெனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

அந்த மரபணு கழகத்தின் இயக்குநர் பேராசிரியர் ஹுவாத்தின் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. எந்த மனிதனின் ரத்தமும் போதும்தான். வாசலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் கொடுத்திருந்தாலும் ஒரே மரபணுதான். ஆனால் தேநீர்க் கடைக்காரருக்கு விழா எடுக்க முடியாது. இயக்குநர் ரத்தம் கொடுத்த அன்று மேடை போட்டு, நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி சுற்றி, பூக்கூடைகள் வைத்தார்கள். அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டது. அன்றிலிருந்து எலிகளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அவற்றை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு கையாலும் ஏந்த வேண்டும் என்று காங்குக்கு உத்தரவு. சோதனைக்காக ஓர் எலியைக் கொன்றால், கொன்றோம் என்று எழுதக் கூடாது. 'பணியிலிருக்கையில் மறைந்தது' என்று எழுத வேண்டும்.

"ஐயாவோட சரக்கு எலியோட பெருங்குடல்ல போய் உக்காந்திருக்குன்னு நீ மேல போய்ச் சொல்லப்போற" என்றார் காங். "தைரியசாலிதான். மதியம் சாப்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போகாத."

குயென் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆராய்ச்சி நிர்வாகப் பிரிவுக்குத் தலைவி தோவா. கழகத்தில் எந்த விஷயமும் அவர் மேசையைத் தாண்டித்தான் உண்மையாகும். எலுமிச்சைத் தேநீரை உறிஞ்சியபடி பொறுமையாகக் கேட்டார்.

"குடல்னா எந்தக் குடல்?"

"பெருங்குடல், அக்கா."

"நுரையீரலுக்குப் பக்கத்துலயா?"

"இல்லக்கா. தள்ளி."

"ரொம்பத் தள்ளியா?"

"எலி சின்னதுதானே அக்கா. அதுல எதுவும் ரொம்பத் தள்ளி இல்ல."

"அப்புறம் ஏன் இப்படிப் பதறுற?" தோவா கோப்பையை வைத்தார். "இங்க பாரும்மா. ஒப்புதல் வாங்கின திட்டத்துல நுரையீரல்னு இருக்கு. கீழ சிவப்பு முத்திரை இருக்கு. உன் எலி மேல எங்கயாவது முத்திரை இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப நான் எதை நம்பறது?"

குயென் பதில் யோசித்தாள். கேள்வி பார்ப்பதற்குச் சுலபமாகத்தான் தெரிந்தது.

"எலியத் தலைகீழாப் பிடிச்சுச் சீவிட்டியோ என்னவோ" என்றார் தோவா, உதவி செய்யும் குரலில். "எனக்கே சில சமயம் பேப்பர் தலைகீழா வந்துடும். திருப்பி வச்சுப் பாரு."

திருப்பி வைத்துப் பார்த்தும் குடல் குடலாகவே இருந்ததால் விஷயம் இயக்குநர் வரைக்கும் போனது. இயக்குநர் கோபப்படுகிறவர் அல்ல. கருகருவென்று சாயமிட்ட தலையும் மெத்தென்ற குரலும் கொண்டவர். எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்து, எழுந்து நின்று பேசினார்.

"தோழர்களே, ஆராய்ச்சியில உண்மைதான் முக்கியம். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனாலதான் உண்மை என்னங்கறத நாம முன்கூட்டியே முடிவு பண்ணி, மேலிடத்துக்குத் தெரிவிச்சு, ஒப்புதலும் வாங்கிட்டோம். வாசல்ல 'நுரையீரல் அழற்சி உயர் ஆய்வு மையம்'னு பித்தளை எழுத்து பதிச்சாச்சு. நம்ம தரப்புல எந்தக் குறையும் இல்ல. இப்ப எலிங்கதான் பின்தங்கியிருக்கு. எலிங்கள நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுலேர்ந்து வந்த எலிங்க; நம்ம வேலைமுறை புதுசு. ஆனா நொதி நம்மளது. சொல்லப்போனா என்னோடது." இந்த இடத்தில் அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "என்னை இதுவரைக்கும் எத்தனையோ பதவில போட்டிருக்காங்க. எனக்கு ஒண்ணும் தெரியாத துறையில கூடப் போட்டிருக்காங்க. போட்ட இடத்துல அசையாம உக்காந்திருக்கேன். அப்படிப்பட்டவனோட நொதி, போட்ட இடத்த விட்டுட்டு வேற இடத்துக்குப் போயிடுச்சுன்னு சொன்னா, அதுவும் அந்த மாதிரி இடத்துக்கு, மனசு கஷ்டப்படுது."

எல்லோரும் கைதட்டினார்கள். குயெனும் தட்டினாள். எதற்கென்று தெரியவில்லை, கை தானாகத் தட்டியது.

நொதிக்கு இலையுதிர்காலம் வரை அவகாசம் தருவது என்று முடிவானது. அதுவரை ஊக்கப்படுத்த வேண்டும். மறுநாளே எலிக்கூடத்தில் சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில் ஒரு பதாகை வந்து தொங்கியது: 'நுரையீரல் இலக்கை உறுதியுடன் எட்டுவோம்!'

"எழுத்து கூண்டுப் பக்கம் பாத்து இருக்கணுமாம்" என்றார் தோவா.

"எலிக்குப் படிக்கத் தெரியாதுங்களே" என்றார் காங்.

"உனக்குத் தெரியும்ல? நீ படிச்சுக் காட்டு."

காங் தினமும் காலையில் தீவனம் வைத்த கையோடு அதை எலிகளுக்குப் படித்துக் காட்டினார். பேருந்தில் நிறுத்தங்களின் பெயரைக் கூவிப் பழகிய குரல். எலிகள் காதை விறைத்துக்கொண்டு கேட்டன. பிறகு தின்னப் போய்விட்டன.

வெயில் காலம் வந்தது. நொதி நகரவில்லை. ஆனாலும் ஸ்ப்ரே சோதனையைத் தள்ளிப்போட முடியாது என்று, எலிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு மருந்தைப் புகையாகச் செலுத்தினார்கள். பிறகு குயென் நுரையீரல்களைச் சீவிப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, அழற்சியின் சுவடே இல்லை. இதை அவள் சொன்னதும் இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இல்லைங்க ஐயா. ஆனா மருந்து குடுக்குறதுக்கு முன்னாடியும் இல்லைங்க. நுரையீரல்ல நொதியே இல்லையே."

இயக்குநர் கொஞ்சநேரம் யோசித்தார். "அதாவது" என்றார், "குடுக்குறதுக்கு முன்னாடியே வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு."

அந்த வாக்கியத்தைச் சற்றுத் திருத்தி ஒரு நாளிதழ் வெளியிட்டது. கழகத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. வாழ்த்துப் பூக்கூடைகள் வரவேற்பறையிலிருந்து மீன்குட்டை வரைக்கும் வரிசையாக நின்றன.

ஒரு மதியம் குயெனின் போன் அடித்தது. டாக்டர் ஞான் பேசினார். நகரத்தின் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆஸ்துமா வார்டுக்குப் பொறுப்பான பெண் மருத்துவர். ஸ்ப்ரேயை அந்த வார்டில்தான் முதலில் கொடுக்கப்போகிறார்கள்.

"தங்கச்சி, திட்டத்தை ஏத்துக்குற குழு பச்சைக்கொடி காட்டினதும் இருக்கிற மருந்த நிறுத்திட்டு உங்க மருந்தக் குடுக்கச் சொல்றாங்க. என் வார்டுல ராத்திரி பூரா உக்காந்துக்கிட்டே மூச்சு விடுற ஆளுங்க இருக்காங்க. நம்பிக் குடுக்கலாமா?"

குயென் கதவைப் பார்த்துக்கொண்டாள். "ஸ்ப்ரேக்கு அப்புறம் எலிங்களோட நுரையீரல் நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

"முன்னாடி?"

"முன்னாடியும் நல்லாத்தான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. "சரி" என்று சொல்லிவிட்டு ஞான் போனை வைத்துவிட்டார்.

இதற்கிடையில் எலிகளுக்குப் பேதி பிடித்தது. மயிர் சிலிர்த்துக்கொண்டு, முதுகு வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. குயெனுக்குக் காரணம் தெரியும். எரிய வைக்கிற சரக்கு குடலில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தால் குடல் எரியத்தான் செய்யும். ஆனால் பாராட்டுப் பத்திரம் வந்த பிறகு நொதி குடலில் இருக்க முடியாது என்பதால், பேதிக்கு வேறு காரணம் தேவைப்பட்டது. தோவா தலைமையில் ஒரு குழு வாயை மூடிக்கொண்டு எலிக்கூடத்துக்குள் வந்து, மூக்கையும் மூடிக்கொண்டு வெளியே போனது. காரணம் கிடைத்துவிட்டது. காங்.

கூண்டுகளைச் சுத்தமாக வைக்கவில்லை. இயக்குநரின் மரபைத் தாங்கிய எலிகளைத் தாங்கவில்லை. ஏற்புக் குழு கூடும் நாளில் காங் எல்லோர் முன்னாலும் தன் சுயவிமரிசனத்தை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். திரும்பி வரத் தேவையில்லை.

வாசல் தேநீர்க் கடையில், முழங்கால் உயர பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருந்ததைக் குயென் பார்த்தாள்.

"எலிக்குப் பேதியானதுக்கு நான் வெக்கப்படுறேன்னு எழுதணுமாம்" என்றார் காங். "எவ்வளவு வெக்கம்னு எழுதலாம்? கொஞ்சமா, ரொம்பவா?"

"நீங்க தினமும்தானே அண்ணே கழுவுறீங்க."

"தினமும்தான். என் வீட்டுக்காரி கேட்டா, வீட்ல ஒரு தட்டுக்கூடக் கழுவாதவன்னு அவ தனியா ஒரு விமரிசனம் எழுதுவா."

"நான் பேசுறேன் அண்ணே."

"பேசாத." காங் முதல்தடவையாக முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "உனக்குச் சின்னப் பொண்ணு இருக்கு. இந்த வேலை போனா நான் பழையபடி பஸ் ஓட்டப் போவேன். கண்ணுதான் இப்ப சரியாத் தெரியல. பரவால்ல. ஹனோய்ல கண்ணு தெரிஞ்சவன் மட்டுமா ஓட்டுறான்?"

சிரிப்பது மாதிரிதான் சொன்னார். பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு தூரமாகப் பிடித்து, பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இலையுதிர்காலத்தில் ஏற்புக் குழு கூடியது. மேசை நிறையப் பூ. பூவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத அளவுக்குப் பூ. தலைவர் வேறொரு கழகத்திலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் வீ. கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். கேட்பது நின்ற பிறகும் கண் மூடியிருக்கும். மருத்துவமனை சார்பில் டாக்டர் ஞான் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

முதலில் காங்கை அழைத்தார்கள், அசிங்கத்தை முதலில் முடித்துக்கொண்டால் பாராட்டுக்கு வசதி என்று. காங் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான் எட்டவில்லை.

"எலிக்கூடப் பணியாளராகிய நான்" என்று ஆரம்பித்தார். "எலிகளுக்குப் பேதி ஏற்பட்டதற்கு..." பேப்பரைத் தூரமாகப் பிடித்தார். இன்னும் தூரமாகப் பிடித்தார். கை அதற்குமேல் நீளவில்லை. "மன்னிக்கணும். எழுத்து தெரியல."

யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். குயென் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்த ஞாபகமில்லை.

"அது அண்ணன் தப்பு இல்லைங்க ஐயா. நொதி குடல்ல இருக்கு. அது இருக்கற இடம் எரியும். அதனாலதான் எலிக்குப் பேதி. கூண்டு சுத்தமாத்தான் இருக்கு."

தலைவர் கண்ணைத் திறந்தார். "யாரோட நொதி?"

எல்லோர் பார்வையும் ஒரே பக்கம் போனது.

"இயக்குநரோடதுங்க ஐயா" என்றாள் குயென்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டில் மேசை கொஞ்சம் ஆடியது. பூவிலிருந்து தண்ணீர் சிந்தியது.

இயக்குநர் எழுந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. "இது எலியப் பத்தின பேச்சு இல்ல, தோழர்களே. ஒரு மனுஷனோட மானத்தப் பத்தின பேச்சு. நான் என் ரத்தத்தக் குடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்? நுரையீரலுக்குக் குடுத்தேன். என் நொதிய எனக்குத் தெரியாதா? ஒரு நுண்ணோக்கியில பாத்துட்டா தெரிஞ்சிடுமா? நான் இதுவரைக்கும் நுண்ணோக்கியே பாக்காமத்தான் இந்தத் துறைய இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கேன்!"

கைதட்டல் பாதி எழும்பி, எழும்பலாமா என்று தெரியாமல் அப்படியே நின்றது. அப்போது டாக்டர் ஞான் கையை உயர்த்தினார். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்தவர். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ஐயா, எனக்கு இதுல முரண்பாடே தெரியல" என்றார். "குடியிருப்புப் பதிவேட்டுல என் மாமியார நாம் தின் ஊர்க்காரின்னு பதிஞ்சிருக்கு. இருக்கறது ஹனோய்ல, எங்க சமையலறைக்குப் பக்கத்து ரூம்ல. என்னைக் கேக்காம வந்தாங்க, போற மாதிரியும் தெரியல. அதுக்காக அவங்க நாம் தின்காரி இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா? இந்த ரூம்ல இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்குப் பதிவு ஒரு ஊர்ல, சாப்பாடு ஒரு ஊர்ல. நொதியோட நிரந்தர முகவரி நுரையீரல். திட்டத்துல அப்படித்தான் பதிஞ்சிருக்கு. இப்பத் தற்காலிகமாக் குடல்ல தங்கியிருக்கு. அவ்வளவுதானே?"

அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. இவ்வளவு அழகான விளக்கத்தை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. தலைவர் வீ முழுசாக விழித்துக்கொண்டார். நிரந்தரம், தற்காலிகம் என்ற இரண்டு வார்த்தைகளையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். தோவா எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தற்காலிகமாகத் தங்க வந்தவன் செய்யும் அட்டகாசத்துக்கு வீட்டைப் பெருக்குகிறவன் பொறுப்பில்லை என்பதால், காங் மீது தவறில்லை. அவர் கையிலிருந்த பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எங்கே தவறு நடந்தாலும் யாராவது ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும் அல்லவா? நொதி இடம் மாறித் தங்குவதை உரிய நேரத்தில் பதிவு செய்யாத குற்றத்துக்காகக் குயெனுக்குக் கண்டனம் என்று முடிவானது.

"நான் வசந்தகாலத்துலயே சொன்னேனே அக்கா" என்றாள் குயென்.

"சொன்ன" என்று ஒத்துக்கொண்டார் தோவா. "பதியலையே."

திட்டத்துக்கு 'மிகச் சிறப்பு' என்று மதிப்பெண் போட்டு, கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தபோது, ஞான் மறுபடியும் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்ன நடைமுறை மட்டும். ஸ்ப்ரே போறது நிரந்தர முகவரிக்கு. ஆள் வீட்ல இல்லாதப்ப போய்க் கதவைத் தட்டி என்ன பிரயோசனம்? நொதி வீட்ல இருக்குதுன்னு நேர்ல போய்ச் சரிபாத்துட்டு, அதுக்கப்புறம் என் நோயாளிகளுக்கு ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும் பழைய மருந்தே ஓடட்டும்."

குயென் அவரைப் பார்த்தாள். ஞான் மேசைத் துணியின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் நொதி வீட்டில் இருக்காது என்று இயக்குநரால் எப்படிச் சொல்ல முடியும்? அதுவும் மானத்தைப் பற்றி இப்போதுதான் பேசி முடித்த வாய். "தாராளமாப் பாத்துக்கலாம்" என்றார் அவர். "எப்ப வேணாலும் வாங்க. இருப்பான்." தீர்மானத்தில் அதையும் சேர்த்து, சிவப்பு முத்திரை குத்தினார்கள்.

வராந்தாவில் ஞான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அது எப்பவாவது வீட்டுக்கு வருமா, தங்கச்சி?"

"வராதுக்கா. மரபணு போய் உக்காந்த இடம் அது."

"ரொம்ப நல்லது" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார் ஞான். "நான் போய்த் தூங்குறேன்."

சரிபார்ப்புக் குழு என்று ஒன்று அமைந்தது. தோவா, ஒரு எழுத்தர், சாட்சிக்குக் காங். குயெனுக்கு, கண்டனத்தின் பலனாக, இனி வேறு ஆராய்ச்சி கிடையாது. சரிபார்ப்புக்கான நுரையீரலைச் சீவித் தருவது மட்டுமே வேலை. குழு ஆய்வுக்கூடத்துக்கு வரும். தோவா நுண்ணோக்கியில் பார்ப்பார். தட்டாத குறைதான்.

"இருக்காரா?" என்று கேட்பார், இயக்குநரின் நொதி என்பதால் மரியாதையாக.

"இல்லக்கா."

'வீட்டில் இல்லை' என்று எழுத்தர் எழுதுவார். ஸ்ப்ரே மருந்து கிடங்கிலேயே இருந்தது. ஆஸ்துமா வார்டில் பழைய மருந்து ஓடிக்கொண்டிருந்தது. எலிகளுக்குக் காங் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அந்தப் பதாகையைக் கழற்ற யாரும் உத்தரவு போடாததால் அதையும் தொடர்ந்து படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. டெட் புத்தாண்டு வருகிறது. எங்கெங்கோ பிழைக்கப் போனவர்களெல்லாம் டெட்டுக்குச் சொந்த ஊர் திரும்புவார்கள். டெட்டுக்கு வீட்டுக்கு வராதவன் மனிதனா? நொதி மனித நொதி. ஆகவே அடுத்த சரிபார்ப்பை விடுமுறைக்கு முந்தின நாளுக்கு வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். யாரும் மறுக்கவில்லை. காங்கூட, "பாக்கலாம், யாரு கண்டா" என்றார்.

அன்று குழு வரவில்லை. தோவா டெட் பலகாரத்துக்கு ஒட்டரிசியும் பன்றி இறைச்சியும் அதைப் பொதிய அகலமான இலைகளும் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டார். எழுத்தர் ஊருக்கே போய்விட்டார். கட்டடம் காலியாகிக்கொண்டிருந்தது. குயென் சில்லைத் தயார் செய்து வைத்துவிட்டு, கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. இயக்குநர். தனியாக வந்திருந்தார். தலையில் சாயம் மங்கி, வேரில் வெள்ளை தெரிந்தது.

"இதுல எப்படிப் பாக்கணும்?" என்று கேட்டார்.

குயென் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுத்தாள். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தார். நுரையீரல் பனி விழுந்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

அவர் எழுந்திருக்கவில்லை. சன்னலுக்கு வெளியே, பைக்கின் பின்னால் பூத்த பீச் மரக்கிளையைக் கட்டிக்கொண்டு யாரோ ஹாரன் அடித்துப் போனார்கள்.

"அங்க எப்படி இருக்குன்னு காட்டேன்."

குயென் அதை எடுத்துவிட்டுப் பெருங்குடல் சில்லை வைத்தாள். இயக்குநர் மறுபடியும் குனிந்தார். நிறைய நேரம் குனிந்தே இருந்தார். எழுந்துவிடுவார், திட்டுவார், பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் விரல் மட்டும் திருகை லேசாகத் திருப்பிக்கொண்டிருந்தது, அவள் காட்டிக்கொடுத்தபடியே.

"இவ்வளவு இருக்கா?"

"நிறைய இருக்குங்க ஐயா. எல்லாப் பக்கமும்." குயென் வார்த்தை தேடினாள். "செழிப்பா இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். எந்தப் புகைப்படத்திலும் அவள் பார்க்காத முகம் அது. வாய் ஓரத்தில் ஏதோ வந்து, சிரிப்பா இல்லையா என்று தீர்மானிக்காமல் நின்றது.

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறை இருக்காது அங்க" என்றார்.

எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வீட்ல இல்லன்னே எழுதிடும்மா."